கால் முளைத்த கடுகு

வகுப்பில் வருகைப் பதிவுக்குக்கூட கோமதியின் குரல் யாருக்கும் கேட்காது. அப்படிப்பட்டவள், விடுதிச் சாம்பாரில் மிதந்த வண்டுகளை வீடியோ எடுத்து இணையத்தில் போட்டுவிட்டாள். மறுநாள் காலையிலேயே பிரின்சிபால் மாசிலாமணி கூப்பிட்டு அனுப்பினார்.

"அது வண்டில்லம்மா, கடுகு! சாயங்காலத்துக்குள்ள அந்த வீடியோ ஊர்ல ஒரு போன்லயும் இருக்கக் கூடாது. இருந்துச்சு, உன்னைக் காலேஜை விட்டே அனுப்பிடுவேன்."

கோமதி யோசித்தாள். ஊரார் போனில் இருப்பதை அவள் எப்படி அழிப்பாள்?

"அடுத்தவங்க போன்ல கைவைக்க முடியாது சார். ஆனா யாரும் அதை நம்பாம பண்ணிடலாம். நீங்களே மெஸ்ஸுல உக்காந்து அந்தச் சாம்பாரைச் சாப்பிடுங்க. நான் நேரலையில காட்டறேன்."

கேமரா என்றதும் பிரின்சிபாலின் முகம் மலர்ந்தது. மதியம் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து பந்தியில் உட்கார்ந்தார். கடுகு என்று அவரே சொல்லிவிட்டதால், வண்டு பிடித்த பருப்பு மூட்டையை மாற்ற வேண்டும் என்று மெஸ்ஸில் யாருக்கும் தோன்றவில்லை.

"எங்கள் விடுதியில் வீட்டுச் சாப்பாடுதான்!" என்று முழங்கியவர், கவளத்தை வாயருகே கொண்டுபோய் அப்படியே நிறுத்தினார். கவளத்திலிருந்த கடுகுக்கு ஆறு கால் இருந்தது.

"ஐயய்யோ!" என்று கையை உதறினார். "வீடியோவை அழிம்மா, உடனே அழி!"

"எதை சார்? என்னோடதையா, உங்களோடதையா?"

மெஸ் முழுக்கச் சிரித்தது. பருப்பு மூட்டை அன்றே வெளியே போனது. கோமதியை அனுப்பும் பேச்சை பிரின்சிபால் அப்புறம் எடுக்கவேயில்லை.

மறுநாள் வகுப்பில் அவள் சொன்ன "உள்ளேன்" கடைசி பெஞ்சு வரை கேட்டது.