சூடத் தட்டில் விழுந்த துரு

தூத்துக்குடி உப்புக்காற்றில் இரும்பு என்ன பாடுபடும் என்று ஏசி மெக்கானிக் இசக்கிக்கு நன்றாகத் தெரியும். மூன்றாம் மாடி ஜன்னலுக்கு வெளியே இருந்த பழைய ஸ்டாண்டை விரலால் சுரண்டினான். அப்பளமாக உதிர்ந்தது. நேர் கீழே, தெருவோரம், பேச்சியக்கா தள்ளுவண்டியில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"சார், அவுட்டோர் யூனிட் நாப்பது கிலோ. புது ஸ்டாண்டு போட்டாத்தான் வைக்கலாம்."

வீட்டுக்காரர் பரமானந்தம் ஓய்வுபெற்ற அதிகாரி. புது ஏசிக்குக் காட்டப் பூஜைத் தட்டில் சூடத்தோடு தயாராக நின்றார். "ஏல, எனக்கே பாடம் நடத்துதியா? அது நூறு வருஷம் நிக்கும். இப்பவே வைக்கல, உன் கம்பெனிக்குப் போன் போட்டு உன் வேலையைக் காலி பண்ணிருவேன்!"

இசக்கி ஸ்டாண்டையும் நேர் கீழே பேச்சியக்காவையும் ஒருமுறை பார்த்தான்.

"வச்சிருதேன் சார். யூனிட் வெளியதான இருக்கப் போவுது? கீழ பேச்சியக்கா நிக்கிற இடத்துல நின்னு, அண்ணாந்து பாத்துச் சூடம் காட்டுங்க. " ஜன்னல் வழியே கீழே குரல் கொடுத்தான்: "அக்கா, நீங்க வண்டியத் தள்ளிக்கிட்டு அந்தப் பக்கம் போங்க!"

பரமானந்தம் கம்பீரமாக இறங்கிப் போய்ச் சூடத்தை ஏற்றினார். யூனிட் இன்னும் வீட்டுக்குள்ளேதான் இருந்தது. இசக்கி ஸ்டாண்டை ஸ்பேனரால் ஒரே ஒரு தட்டுத் தட்டினான். பொலபொலவென்று துரு, தட்டிலும் அவர் வழுக்கைத் தலையிலும் விழுந்தது.

"வைக்காதல! புதுசு போடு!" தட்டைத் தரையில் விட்டுவிட்டு எதிர்ச்சாரிக்கு ஓடினார் மனுஷன். தெருவே பார்த்தது.

மேலிருந்து இசக்கி கத்தினான்: "சூடம் இன்னும் அணையல சார்! அதுவரைக்கும்கூட நீங்க நிக்கப் பயந்த இடத்துலதான் பேச்சியக்கா தினம் பத்து மணி நேரம் நிக்காவ!"