பேர் எழுதிய பந்துகள்

அந்தக் கல்லூரிக் கால்பந்து அணியில் ஒரு வழக்கம் உண்டு. வருஷத்தின் கடைசி ஆட்டம் முடிந்ததும், ஆடிய பிள்ளைகள் எல்லாரும் அந்தப் பந்தில் தங்கள் பேரை எழுதுவார்கள். பந்து விளையாட்டு அறையின் கண்ணாடி அலமாரிக்குப் போய்விடும். கோப்பை கிடைத்ததா என்பதெல்லாம் அப்புறம்.

அமலதாஸ் அங்கே தலைமைப் பயிற்சியாளராக வந்த முதல் வருஷம் அது. தனிஸ்லாஸ் சார் இருபத்தேழு வருஷம் நின்ற இடம். அமலதாஸும் அவரிடம் ஆடிக் கற்றவன்தான்.

முதல் நாலு ஆட்டமும் தோல்வி. பிள்ளைகள் அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பஸ்ஸில் பின்சீட்டில் பாட்டும் கூத்துமாக இருப்பார்கள். இவன் எழுந்து அந்தப் பக்கம் போனால் பாட்டு நின்றுவிடும். அப்புறம் எதற்குப் போவானேன்? டிரைவருக்குப் பக்கத்தில் ரோட்டைப் பார்த்துக்கொண்டே ஒரு பருவத்தை ஓட்டினான், பாவம்.

கடைசி ஆட்டத்தில் தோற்றால் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்க வேண்டும். சும்மா சொல்லக்கூடாது, பிள்ளைகள் உயிரைக் கொடுத்து ஆடினார்கள். ஒரு கோலில் ஜெயித்தார்கள். மைதானத்தின் நடுவில் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து புரண்டார்கள். அமலதாஸ் கோட்டுக்கு வெளியே தண்ணீர் பாட்டில்களோடு நின்றான்.

பேனா கை மாறிக் கை மாறிப் போனது. மாற்று ஆட்டக்காரர்களும் எழுதினார்கள். கடைசியில் ஒருவன் பேனாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டான். மறந்துவிட்டார்கள் என்றால்கூட மனசு ஆறியிருக்கும். அவனிடம் பேனாவை நீட்ட யாருக்கும் தோன்றவே இல்லை.

மறுநாள் காலை ராஜினாமா எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, முதலில் தனிஸ்லாஸ் சார் வீட்டுக்குப் போனான். சார் முற்றத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஜெயிச்சுட்டீங்களாமே."

"ஜெயிச்சோம் சார். நான் வேலையை விடப்போறேன்."

"ஏன்லே?"

"அந்தப் பிள்ளைகளுக்கு நான் ஒரு ஆளாவே தெரியலை சார். நீங்க மட்டும் எப்படி அவங்க மனசுல இடம் பிடிச்சீங்க?"

சார் கையைத் துடைத்தார். உள்ளே போய் ஒரு துணிப்பையை எடுத்து வந்தார்.

"வா, காலேஜுக்குப் போவோம்."

விளையாட்டு அறையை அமலதாஸ் திறந்தான். சார் அலமாரியைக் காட்டினார்.

"உன் பேரு இருக்கிற பந்தை எடு."

தேடவே வேண்டியிருக்கவில்லை. பதினெட்டு வருஷத்துக்கு முந்திய பந்து. மற்றவர்கள் பேரை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, நடுவில் கொட்டை எழுத்தில் அவன் பேர். இப்போது பார்க்க அவனுக்கே வெட்கமாக இருந்தது.

"சரி. இப்ப என் பேரைத் தேடு."

ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தன் பந்தை மட்டும் இரண்டு தடவை பார்த்தான்.

"எதுலயும் இல்லையே சார்."

சார் அவன் பந்தை வாங்கிக் கட்டைவிரலால் அமுக்கினார். அது குழிந்தது. பையிலிருந்து கைப்பம்பை எடுத்துக் காற்றடிக்க ஆரம்பித்தார்.

"இதுக்கு ஆள் இல்லையா சார்? நீங்களா வந்து அடிக்கீங்க?"

"மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. விட்டா சுருங்கிரும். பேரு வாசிக்க முடியாது."

அமலதாஸ் அலமாரியில் இருந்த மற்றப் பந்துகளைப் பார்த்தான். பிறகு கேட்டான்.

"இத்தனை பேரு எழுதினாங்களே. உங்களுக்கு வருத்தமா இல்லையா சார்?"

"இருந்துச்சு," என்றார் சார். பம்பு நிற்கவில்லை. "உன் வருஷம்தான் ரொம்ப. நீயாவது பேனாவை நீட்டுவேன்னு நெனச்சு, மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கிட்டு நின்னேன்."

அமலதாஸ் மன்னிப்பு கேட்க வாயெடுத்தான்.

அதற்குள் சார் பந்தை அலமாரியில் வைத்தார். அடுத்த பந்தை எடுத்தார். அதையும் பம்பையும் அவனிடம் நீட்டினார்.

அமலதாஸ் சட்டைப்பையில் இருந்த கடிதத்தை எடுத்துக் கசக்கிக் கீழே போட்டான். முட்டி போட்டு உட்கார்ந்து பந்தை வாங்கிக்கொண்டான்.

"ஊசியை எச்சில் தொட்டுப் போடுலே," என்றார் சார். "இல்லேன்னா வால்வு கிழிஞ்சிரும்."