பதினொரு புரோட்டான்

“கொடுத்தவளுக்கு என்னதான் மிச்சம், சிஸ்டர்?”

கேட்டுவிட்டு அற்புதம் நோட்டைப் பார்த்துக்கொண்டாள். அதற்குள் ஒரு கல்யாணப் பத்திரிகை இருந்தது.

ஐம்பது வயதில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத, மடத்தில் நடக்கும் மத்தியான வகுப்புக்கு வருகிறவள் அவள். பாடம் எடுக்கும் லீமா சிஸ்டர் அவளைவிடப் பத்து வயது சின்னவர்.

இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால், பிள்ளையில்லாத தன் அக்கா மடியில் இரண்டாவது மகளைப் போட்டாள் அற்புதம். வியாழக்கிழமை அந்த ஜெனிட்டாவுக்குக் கல்யாணம். பத்திரிகையில் அம்மா என்று அக்கா பெயர். அற்புதம் வெறும் சித்தி. அக்கா நான்கு தடவை போன் பண்ணிக் கூப்பிட்டுவிட்டாள். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாம் என்றிருந்தாள் இவள்.

சிஸ்டருக்கு இதெல்லாம் தெரியும். சாக்பீஸை நீட்டினார்.

“பலகையில சோடியம் அணுவைப் போடுங்க, அற்புதம்மா.”

போட்டாள். நடுவில் பதினொரு புரோட்டான். சுற்றிலும் பதினொரு எலக்ட்ரான்.

“ஒண்ணைக் குளோரினுக்குக் கொடுங்க.”

வெளிவட்டத்தில் தனியாக நின்ற எலக்ட்ரானை அழித்து, குளோரின் பக்கம் வைத்தாள்.

“இப்ப சோடியத்துக்கு என்ன குறி?”

யோசிக்காமல் கழித்தல் போட்டாள்.

போன வாரமும் இதே தப்புதான் என்று பின்னாலிருந்து, கூடப் படிக்கும் செலின் சிரித்தாள்.

“கொடுத்தா குறையத்தானே செய்யும்,” என்றாள் அற்புதம்.

“எண்ணிப் பாருங்க.”

எலக்ட்ரான் கழித்தல். அது பத்து. புரோட்டான் கூட்டல். அது பதினொன்று. விரல் வைத்து மறுபடியும் எண்ணினாள்.

“கடையில முறுக்கு எண்ணுற மாதிரி எண்ணுறா பாருங்க,” என்றாள் செலின்.

சிஸ்டர் சிரிக்கவில்லை.

“நடுவுல இருக்கிறதுல ஒண்ணாவது போச்சா?”

“இல்ல.”

“அந்தப் பதினொண்ணும் இருக்கிற வரைக்கும் அதுக்கு என்ன பேரு?”

“சோடியம்தான்.”

கை கொஞ்சம் நின்றது. பிறகு, போட்ட கழித்தலின் மேலேயே நெடுக்காக ஒரு கோடு இழுத்துக் கூட்டலாக்கினாள்.

“வாங்கிக்கிட்ட குளோரின் இப்ப கழித்தல். கொடுத்ததும் வாங்கினதும் விலகிப் போகுமா, அற்புதம்மா?”

அற்புதம் பலகையில் சோடியத்தையும் குளோரினையும் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“பக்கத்துல வந்து ஒட்டிக்கும். அதுதானே உப்பு,” என்றாள்.

சாக்பீஸை வைத்தாள். வெள்ளையாகிப்போன விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

“வியாழக்கிழமை வகுப்புக்கு வரமாட்டேன், சிஸ்டர்.”