மூணு தண்ணி மீனும் ஒரு பொய் ஈயும்

வறட்டாங்குளம் என்று ஓர் ஊர். பேரில் மட்டும்தான் குளம். அந்த ஊர்க்காரர்கள் மீனைக் கருவாடாகத்தான் பார்த்திருக்கிறார்கள். மீன் பிறக்கும்போதே உப்புப் போட்டுக் காய்ந்துதான் பிறக்கும் என்று பாதிப்பேர் நம்பினார்கள். மீதிப்பேருக்கு அதை யோசிக்க நேரமில்லை. மழை வருகிறதா என்று கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஊர் சொரிமுத்துவுக்கு, ஆற்றங்கரை ஊர்க் கொம்பையா மகள் முப்பிடாதி மேல் ஆசை வந்துவிட்டது. சும்மா ஆசை இல்லை, சோறு இறங்காத ஆசை. கோயில் கொடைத் திருவிழாவில் ஒரு தடவை இவன் பார்த்தான், அவளும் பார்த்தாள், அவ்வளவுதான். அன்றிலிருந்து பையன் சட்டையை உள்பக்கம் வெளியே தெரியும்படி போட்டுக்கொண்டு திரிந்தான். முன்பும் அப்படித்தான் போடுவான். ஆனால் அப்போது காரணம் கிடையாது.

சித்தப்பா வெயிலுகந்தானையும் கூட்டாளி சங்கிலியையும் கூட்டிக்கொண்டு பெண் கேட்கப் போனான். கொம்பையா ஈஸி சேரில் காலை நீட்டிக்கொண்டு கிடந்தார்.

"எனக்கு மீன்னா உசிரு வே. காலுல வாதம் வந்து மூணு வருசமா வீட்டுக்குள்ளயே கெடக்கேன். எம் மகளைக் கட்டுதவன் ஆத்துல, கடல்ல, மலையில, மூணு தண்ணியிலயும் மீன் பிடிச்சிட்டு வரணும். வார ஞாயித்துக்கிழமை அம்பாசமுத்திரத்துல இருந்து வேற மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வாராங்க. அதுக்குள்ள வந்தாத்தான் பொண்ணு."

கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. சொரிமுத்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். "எப்படிப் பிடிக்கணும்னு மட்டும் சொல்லிருங்க மாமா. நீங்க சொன்னதுல ஒரு எழுத்து மாற மாட்டேன்" என்றான்.

பாவி மனுசன் அங்கேதான் மாட்டிக்கொண்டார்.

"ஆத்துல நல்ல தண்ணி. அங்க தூண்டிலைப் போட்டுட்டு வாயைத் தொறக்காம உக்காரணும். கடல் உப்புத் தண்ணி. இடுப்பளவு தண்ணியில நின்னு வலையை விசிறணும். மலை ஓடையில இருக்குத மீனு புழு, பூச்சியெல்லாம் சீண்டாது. அதுக்குப் பொய் ஈ. பொய் ஈயைக் காட்டித்தான் ஏமாத்தணும்." தன் தூண்டிலையும் வலையையும் எடுத்துவரச் சொல்லிக் கொடுத்து அனுப்பினார். பொய் ஈ என்றால் தூண்டில் முள்ளில் இறகைக் கட்டிச் செய்கிற ஈ என்று சொல்ல மட்டும் மறந்துவிட்டார்.

திங்கட்கிழமை தாமிரபரணிக் கரை. இறங்கியதுமே சிக்கல்.

"இது நல்ல தண்ணிதானான்னு எப்படித் தெரியும்?" என்றான் சங்கிலி.

சித்தப்பா இரண்டு கை அள்ளிக் குடித்தார். "நல்லாத்தான் இருக்கு."

"ஒமக்கு நல்லா இருந்தாப் போதுமா? மீனுக்கு நல்லா இருக்காண்டாமா?"

"கெட்ட தண்ணியா இருந்தா மீனு இந்நேரம் வெளிய வந்திருக்கும்லா?"

மூன்று பேரும் கொஞ்ச நேரம் கரையைப் பார்த்தார்கள். ஒரு மீனும் வெளியே வரவில்லை. நல்ல தண்ணிதான் என்று முடிவாயிற்று. சொரிமுத்து தூண்டிலைக் கம்போடு தூக்கி ஆற்றில் போட்டான். போட்டுவிட்டு மூவரும் வாயை இறுக்க மூடிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

துணி துவைத்துக்கொண்டிருந்த ஓர் ஆள், "ஏ மக்கா, ஒங்க தூண்டிலு போகுதுய்யா!" என்று கத்தினான். வாயைத் திறக்கக் கூடாதே! மூவரும் தலையை மட்டும் ஆட்டினார்கள். தூண்டில் வளைவு தாண்டி, பாலத்துக்கு அடியில் நுழைந்து, கடலைப் பார்க்கப் போய்விட்டது. மத்தியானம் கட்டுச்சோற்றைப் பிரித்தார்கள், வாசம் பார்த்தார்கள், திரும்பக் கட்டி வைத்தார்கள். பொழுது சாயும் நேரத்தில் ஒரு கெண்டை துள்ளி, வெயிலில் ஒரு மின்னு மின்னி, உள்ளே விழுந்தது. உயிரோடு ஒரு மீனை அன்றைக்குத்தான் சொரிமுத்து முதன்முதலில் பார்த்தான். அம்மாடி என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது, விழுங்கிக்கொண்டான்.

புதன்கிழமை மணப்பாட்டுக் கடல். வலையோடு இடுப்பளவு தண்ணீரில் நின்றார்கள். சித்தப்பா கடல் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு முகம் மாறிப்போனார்.

"லே, இம்புட்டு உப்பு எங்கருந்து வந்துச்சு?"

சங்கிலி யோசித்தான். அவன் யோசித்தால் ஊரே பயப்படும். "வேர்வை, சித்தப்பா. மீனுக்கு வேர்த்த வேர்வை. கடலு பூராவும் கரிக்குதுன்னா எம்புட்டு வேர்த்திருக்கணும்!"

"அதான் விசிறச் சொல்லியிருக்காரு மாமா!" என்றான் சொரிமுத்து. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. எப்பேர்ப்பட்ட இரக்கமுள்ள மனுசன் நமக்கு மாமனாராக வரப்போகிறார்!

வலையை நாலாக மடித்து, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, கடலுக்கு விசிற ஆரம்பித்தார்கள். கை ஓயாமல் விசிறினார்கள். கரையில் நின்ற மீனவர் ஒருவருக்குப் பொறுக்கவில்லை.

"என்னவே பண்ணுதீங்க?"

"விசிறுதோம்."

"விசிறி எறியணும்வே!"

"எறிஞ்சிட்டா அப்புறம் எதை வச்சு விசிறுறதாம்?" என்றார் சித்தப்பா.

மீனவர் தலையில் அடித்துக்கொண்டார். தன் மடியைத் தடவிப் பீடியைத் தேடினார். அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய அலை வந்தது. அலைக்குள்ளே சாளை மீன் கூட்டம் பளபளவென்று ஓடியது. மூன்று பேரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். அலை மூன்று பேரையும் உருட்டிக் கரையில் போட்டுவிட்டு, வலையைத் தான் வைத்துக்கொண்டது.

"குளிர்ந்துபோச்சு, அதுவே விசிறிக்கிடும்" என்று சித்தப்பா சொன்னார். சொரிமுத்து மட்டும் கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு தண்ணீர் போயிற்று. கையில் ஒரு செதில்கூட இல்லை. முப்பிடாதி முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது.

வெள்ளிக்கிழமை பஸ் மாறிப் பஸ் ஏறி, கொடைக்கானல் மேல்மலையில் ஓர் ஓடைக்கரையில் குளிரில் பல் கிட்டிக்க நின்றார்கள். தண்ணீர் கண்ணாடி. உள்ளே புள்ளி போட்ட மீன் ஒன்று நிற்பது நன்றாகத் தெரிந்தது.

"பொய் ஈன்னா என்னலே?" என்றார் சித்தப்பா.

"ஈ இருக்காது. இருக்குன்னு சொல்லணும். அதான் பொய் ஈ" என்றான் சங்கிலி.

"அப்போ என்னால சொல்ல முடியாது. எனக்குப் பொய் வராது" என்றான் சொரிமுத்து. உண்மைதான். சின்ன வயதில் மாங்காய் திருடிவிட்டு, தோட்டக்காரர் வீட்டுக்குப் போய் நல்ல புளிப்பு என்று சொல்லிவிட்டு வந்தவன் அவன்.

சித்தப்பாதான் முன்வந்தார். நாளையிலிருந்து பீடியைத் தொடமாட்டேன் என்று பதினெட்டு வருசமாகச் சொல்லிவருகிற அனுபவம் அவருக்கு இருந்தது. குனிந்து, தண்ணீருக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய், "ஏ மீனு, இந்தா பாரு ஈ! கொழுத்த ஈ!" என்றார்.

மீன் அசையவில்லை.

"நீரு சிரிச்சிட்டே சொல்லுதீரு. அது கண்டுபிடிச்சிட்டு" என்றான் சங்கிலி.

இப்படி ஒரு மணி நேரம் பொய் சொல்லிக்கொண்டிருக்கையில், எங்கிருந்தோ நிசமான ஈ ஒன்று பறந்து வந்து சொரிமுத்து மூக்கில் உட்கார்ந்தது.

"ஐயையோ, மெய் ஈ! விரட்டுலே, விரட்டு! நாம சொன்னது உண்மையாப் போயிரும்!" என்று சித்தப்பா அலறினார்.

விரட்டுவதற்குள் மீன் எம்பிவிட்டது. பளாரென்று சொரிமுத்து கன்னத்தில் அடித்து, அப்படியே அவன் இரண்டு கைக்குள்ளும் விழுந்தது. குளிர்ந்து, கனத்து, வாலை ஆட்டிக்கொண்டு, முழுசாக ஒரு மீன்!

"மாமா என்ன சொன்னாரு?" என்று சொரிமுத்து மெதுவாகக் கேட்டான்.

"பொய் ஈயைக் காட்டி ஏமாத்தணும்னாரு" என்றார் சித்தப்பா.

"இது மெய் ஈக்கு வந்த மீனு. ஏமாறாம வந்திருக்கு."

மூவரும் வெகுநேரம் விவாதித்தார்கள். செல்லாது என்றே தீர்ப்பாயிற்று. சொரிமுத்து மீனைப் பதமாகத் தண்ணீரில் விட்டான். விட்டுவிட்டு, ஓடைக்கரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதான். என் கல்யாணம் போச்சே, அவளை அம்பாசமுத்திரத்தான் கூட்டிக்கிட்டுப் போயிருவானே என்று அழுதான். பார்க்கப் பாவமாக இருந்தது.

திரும்பி வருகிற பஸ்ஸில் சித்தப்பாவுக்கு ஒரு யோசனை உதித்தது. "லே, மாமா மூணு தண்ணி மீனும் பிடிச்சிட்டு வரணும்னுதானே சொன்னாரு? ஒனக்கு ஆத்து மீனு பிடிச்சுதா?"

"பிடிச்சுது சித்தப்பா."

"கடல் மீனு?"

"பிடிச்சுது."

"மலை மீனு?"

"அதுதான் ரொம்பப் பிடிச்சுது."

"பிறகென்னலே அழுக? பிடிச்சிட்டுத்தானே வாரோம்!"

மூவரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். கண்டக்டர் நல்ல செய்திபோல என்று நினைத்து அவரும் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை கொம்பையா வீட்டில் அம்பாசமுத்திரத்துக்காரர்கள் பூ, பழம் சகிதம் உட்கார்ந்திருந்தார்கள். மூவரும் வெறுங்கையை வீசிக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள்.

"பிடிச்சிட்டியாவே?" என்று கொம்பையா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மூணும் பிடிச்சுது மாமா! ரொம்ப ரொம்பப் பிடிச்சுது!"

"எங்கவே மீனு?"

"அதது வீட்டுல இருக்கு."

"என் தூண்டிலு?"

"போட்டாச்சு மாமா."

"வலை?"

"கடலே விசிறிக்கிட்டு இருக்கு."

கொம்பையாவுக்கு முகம் சிவந்துபோயிற்று. வாதத்தையும் மறந்து எழுந்து நின்றுவிட்டார். "மடப்பயலே! பிடிக்கிறதுன்னா கையால பிடிக்கிறதுலே! கையால! போ வெளிய!"

சொரிமுத்து கல்லாய் நின்றான். வாரம் முழுக்க அலைந்தது எதற்கென்று இப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. தப்பாகப் பிடித்துவிட்டோமே! அப்போது கதவைத் திறந்துகொண்டு முப்பிடாதி வந்தாள். சிரித்துச் சிரித்து அவள் கண்ணில் தண்ணீர். எல்லார் முன்னாலும் நின்று கையை நீட்டி, "ஏய்யா, என்னையப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டாள்.

பிடிப்பதென்றால் என்னவென்று இப்போதுதானே பாடம் ஆகியிருக்கிறது! சொரிமுத்து ஒரே எட்டில் வந்து அவள் கையை இறுக்கப் பிடித்துக்கொண்டான். "பிடிச்சிருக்கேன்!"

"விடுலே!" என்றார் கொம்பையா.

"விட்டா பிடிக்கலேன்னு ஆயிரும் மாமா."

இழுத்துப் பார்த்தார்கள். அவனும் விடவில்லை, அவளும் விடவில்லை. அம்பாசமுத்திரத்துக்காரர்கள் பூவையும் பழத்தையும் அள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். கொம்பையா வேறு வழியில்லாமல் தேதி குறித்தார்.

பிடித்த கை பிடித்தபடியே கல்யாணம் நடந்தது. ஒற்றைக் கையால் முடிச்சுப் போட வருமா? அவன் ஒரு நுனியைப் பிடிக்க, அவள் மறு நுனியை இழுக்க, தன் தாலியில் பாதியைத் தானே கட்டிக்கொண்டாள் முப்பிடாதி.

இதைப் பார்த்த வறட்டாங்குளத்து ஆம்பிளைகள் பதறிப்போனார்கள். இத்தனை வருசமாகப் பெண்டாட்டியைப் பிடிக்காமலேயே குடும்பம் நடத்திவிட்டோமே! ஆளாளுக்கு ஓடிப்போய் அவரவர் பெண்டாட்டி கையைப் பிடித்துக்கொண்டு பந்தியில் உட்கார்ந்துவிட்டார்கள். விட்டால் வம்பு என்று ஒருவரும் விடவில்லை. பரிமாற ஒரு கை மிச்சமில்லை.

சமையல்காரர் மாசானம் மட்டும் கல்யாணம் ஆகாதவர். இருநூறு இலைக்கும் ஒண்டியாளாக ஓடி ஓடிப் பரிமாறினார். கடைசி இலைக்கு ரசத்தை ஊற்றிவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"நல்லவேளை, எனக்கு ஒருத்தரையும் பிடிக்கல. பிடிச்சிருந்தா இன்னைக்கு அம்புட்டுப் பேரும் பட்டினிதான்."