இரண்டு கட்டங்களுக்கு நடுவே

"கத்தாதடி. கத்துனா அடுத்து உன் கட்டிலுக்குத்தான் வரும்."

பேருந்தில், முன் இருக்கைச் சிறுமி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். இருவர் தலையிலும் ஊதா ரிப்பன். மலைமேல் இருக்கும் விடுதிப் பள்ளியின் ரிப்பன் அது.

"தமயந்திய ஸ்டோர் ரூம்ல போட்டு அடைச்சது வார்டன்டி. இன்னும் உள்ளதான் இருக்கா."

"போடி. ஈரக்கால்தான் கூட்டிட்டுப் போச்சு. காலையில தரையெல்லாம் தண்ணிக் காலடி. வார்டன் மிஸ்ஸே காட்டுனாங்கள்ல."

மற்றவள் அதற்குப் பிறகு பேசவில்லை.

பின் இருக்கையில் இருந்தவர் பெயர் வேதமுத்து. ஈரக்காலை உண்டாக்கியவர் அவர்தான்.

'பனிமேடு விடுதி' அவர் எழுதி வரையும் படக்கதைத் தொடர். மாதம் ஒரு புத்தகம். புத்தகத்துக்கு ஒரு பிள்ளை காணாமல் போகும். கட்டில் காலியாக இருக்கும். தரையில் ஈரக் காலடிகள் இருக்கும். யாருடைய கால் என்று இதுவரை அவர் சொன்னதில்லை.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கினார். நேராகத் தன் ஆசிரியையிடம் போனார்.

ஆசிரியை பவளக்கொடி, சீடரை விட மிகவும் இளையவர். அச்சகத்து மாடியில் படக்கதை வரையக் கற்றுக்கொடுத்தார். வேதமுத்து தபால் நிலைய வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வந்து சேர்ந்தவர். பவளக்கொடி அவரை அண்ணாச்சி என்பார். அவர் டீச்சர் என்பார்.

"டீச்சர், என் பேய் கெட்டுப் போச்சு."

"நல்ல பேய்னு யாரு சொன்னா? என்ன ஆச்சு?"

சொன்னார்.

பவளக்கொடி தூரிகை கழுவிக்கொண்டிருந்தார். பாதியில் அதைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டார்.

"என்கிட்ட என்ன கேக்க வந்தீங்க?"

"தொடரை நிறுத்திடவா? இல்ல, அடுத்த புத்தகத்துல வார்டன்தான் எல்லாம் பண்றாங்கன்னு காட்டிடவா? ரெண்டு பக்கம் போதும். பிள்ளைங்க புரிஞ்சுக்கும்."

"பிள்ளை காணாமப் போற இடத்தை வரைங்க. அது மட்டும்."

வேதமுத்து இரண்டு கட்டம் வரைந்தார்.

முதல் கட்டத்தில் சிறுமி தூங்குகிறாள். கதவின் கைப்பிடி திரும்புகிறது.

இரண்டாவது கட்டத்தில் காலிக் கட்டில். ஜன்னலில் வெயில். தரையில் ஈரக் காலடிகள். மூலையில், 'மறுநாள் காலை' என்று எழுதினார்.

"பிள்ளை எங்க?" என்றார் பவளக்கொடி.

"காணோம் டீச்சர். அதுதானே கதை."

"எங்க இருக்கா?"

"ரெண்டாவது கட்டத்துல இல்ல."

"முதல்ல?"

"தூங்குறா."

பவளக்கொடி இரண்டு கட்டங்களுக்கும் நடுவில் விரலை வைத்தார். விரலுக்கு அடியில் வெள்ளைத் தாள்கூடத் தெரியவில்லை. இடைவெளி அவ்வளவு ஒடுக்கம்.

"இங்க?"

வேதமுத்து சிரித்தார். "அது வெறும் சந்து டீச்சர். அங்க ஒண்ணும் வரையக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க. படிக்கிறவங்க தானா தாண்டிப் போயிடுவாங்க."

"ஆமா. நல்லாத் தாண்டுவாங்க."

பவளக்கொடி எழுந்தார்.

"தாள் அறையில தடிச்ச அட்டை இருக்கும். எடுத்துட்டு வாங்க."

வேதமுத்து உள்ளே போனார். பின்னால் கதவு மூடிக்கொண்டது. வெளித் தாழ்ப்பாள் விழுந்தது.

ஜன்னல் இல்லாத அறை. மை வாடை. எலி ஓடியது.

"டீச்சர், என்ன விளையாட்டு?"

கதவைத் தள்ளிப் பார்த்தார்.

"புரிஞ்சிடுச்சு டீச்சர். அந்தச் சந்துலதான் பிள்ளை இருக்கா. சரிதானே?"

படிகளில் செருப்புச் சத்தம் இறங்கிப் போவது கேட்டது.

உட்கார்ந்தார். எழுந்தார். கீழே அச்சு எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. கதவைத் தட்டினார். அந்தச் சத்தத்தில் இந்தச் சத்தம் அவருக்கே கேட்கவில்லை. "மன்னிச்சிடுங்க" என்றார். எதற்கென்று அவருக்குத் தெரியவில்லை. திரும்பவும் சொன்னார்.

கதவு திறந்தது. கண் கூசியது.

பவளக்கொடி கையில் டீ கிளாஸோடு நின்றார்.

"எவ்வளவு நேரம் ஆச்சு டீச்சர்?"

"நான் ஒரு டீ குடிச்சேன். உங்களுக்கு ஒண்ணு வாங்கிட்டு வந்தேன்."

வேதமுத்து கிளாஸை வாங்கினார்.

"அடுத்த புத்தகம் எப்ப வருது அண்ணாச்சி?"

"மாசக் கடைசியில."

பவளக்கொடி தாள் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

வேதமுத்து குடிக்காமலே கிளாஸைக் கீழே வைத்தார். செருப்பைத் தேடினார்.

"மலைக்கு இப்ப பஸ் இருக்கா?"

"இருக்கு. நீங்க ஏறுங்க. போலீஸுக்கும் குழந்தைகள் நல ஆபீஸுக்கும் நான் பேசுறேன். அவங்க கிளம்பி, மலை ஏறி வர நேரமாகும்."

வெயில் சாயும் நேரத்தில் பள்ளி வாசலில் இறங்கினார். காவலாளி கம்பிக் கதவைத் திறக்கவில்லை.

"பிள்ளைங்களப் பார்க்க ஞாயித்துக்கிழமைதான் விடுவோம்."

"நான் 'பனிமேடு விடுதி' எழுதுறவன். வார்டன்கிட்ட சொல்லுங்க."

வார்டன் உடனே வந்தார். கஞ்சி போட்ட பருத்திச் சேலை. தணிந்த குரல்.

"ஈரக்கால் நீங்கதானா? நான் ஏதோ சின்னப் பையன்னு நினைச்சிருந்தேன். உள்ள வாங்க சார். எங்க பிள்ளைங்க உங்க புக்குன்னா உயிரை விடும்."

அவரே கம்பிக் கதவைத் திறந்துவிட்டார்.

"முன்னாடியெல்லாம் விளக்கணைச்சா ஒரே கூச்சல் சார். அதைக் குடு, இதைக் குடு, அம்மாவுக்குப் போன் போடு. இப்ப மூச்சுச் சத்தம்கூடக் கிடையாது. என் வேலையில பாதி உங்களால குறைஞ்சிருக்கு. உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்."

வேதமுத்து அவர் பின்னால் உள்ளே நடந்தார்.

வராந்தாவில் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்தார்கள். ஒவ்வொரு கையிலும் ஒரு புத்தகம். கையெழுத்துக்கு நீட்டினார்கள். ஒருத்திகூடச் சிரிக்கவில்லை.

மூன்றாவதாக நின்றவள், பேருந்தில் பேச்சை நிறுத்தியவள்.

வேதமுத்து அவள் புத்தகத்தின் மேல் குனிந்தார். "ஸ்டோர் ரூம் எங்கம்மா?"

அவள் கண்கள் மட்டும் சமையல்கட்டுப் பக்கம் போய், உடனே தரைக்குத் திரும்பின.

அவர் பேனாவை மூடினார். நடந்தார்.

"சார், அந்தப் பக்கம் அரிசி மூட்டைதான் இருக்கு" என்றபடி வார்டன் பின்னால் வந்தார்.

"மூட்டையப் பார்க்கிறேன்."

"எலித் தொல்லை சார்."

"பரவாயில்ல."

"நல்லாத் தெரிஞ்சுக்கங்க. இது பேர் உள்ள ஸ்கூல். ஒரு வார்த்தை நான் சொன்னாப் போதும், உங்க புக்கை எந்தப் பள்ளிக்கூடத்துலயும் வாங்க மாட்டாங்க." குரல் அப்போதும் உயரவில்லை.

சமையல்கட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கதவு. பூட்டு இல்லை. வெளிப்பக்கம் இரும்புத் தாழ்ப்பாள் மட்டும். கதவோரம் ஒரு வாளி. தரை முழுக்கத் தண்ணீர்.

வேதமுத்து செருப்பைக் கழற்றிவிட்டு அந்த ஈரத்தில் நடந்து போய்த் தாழ்ப்பாளை இழுத்தார்.

மூட்டைகளுக்கு நடுவில் ஒரு சிறுமி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளிச்சம் பட்டும் தலையை நிமிர்த்தவில்லை. வந்தவர் முகத்தை அவள் பார்க்கவில்லை. காலைப் பார்த்தாள்.

பார்த்ததும் மூட்டைச் சந்துக்குள் இன்னும் ஒடுங்கினாள்.

வேதமுத்து குனிந்து தன் கால்களைப் பார்த்தார். அவர் வந்த வழியெல்லாம் காலடிகள்.

துண்டை எடுத்து இரண்டு கால்களையும் துடைத்தார்.

"தமயந்தி" என்றார்.

அவள் அசையவில்லை.

"வெளிய வாங்க சார்" என்றார் வார்டன். அவர் கை தகரக் கதவின் மேல் இருந்தது. "அவளுக்கு உடம்பு சரியில்ல. வெளிச்சம் ஆகாது. கதவைச் சாத்தணும்."

வேதமுத்து நிலைப்படியில் உட்கார்ந்துகொண்டார்.