தளவாயோட கை

ஒரு ஊர்ல ஒரு சுண்ணாம்புக் காளவாய் இருந்துச்சாம். அங்க சுட்ட சுண்ணாம்புல தண்ணி ஊத்தி நீத்துற வேலை, தளவாய்னு ஒருத்தனுக்கு. ம் கொட்டுறியா?

"ம்..."

தங்கமான மனுஷன். கை மட்டும் பனைமட்டை. சரக் சரக்! அவன் பொண்டாட்டி வடிவுக்குப் பொண்ணு பொறந்துச்சு. ஆசையாக் கன்னத்தைத் தொட்டான். வீல்! கன்னம் செவந்துபோச்சு. அன்னையிலேர்ந்து தூளிக் கயித்தைத்தான் தொடுவான், பிள்ளையைத் தொடமாட்டான். 'அப்பன் கை படாமலே வளந்துடுமோ'ன்னு உள்ளுக்குள்ள அழுகை.

அப்போ யாரோ கஸ்தூரி மஞ்சள் பூசச் சொன்னாங்க. அதுல கஸ்தூரி கிடையாது, பேருதான் அப்படி. வேலை முடிஞ்ச கையோட குழைச்சுப் பூசினான். சுண்ணாம்புல மஞ்சள் பட்டா என்ன ஆகும்? குபுக்னு ரத்தச் செவப்பு!

"ஏங்க, ஆரத்தி எடுக்கக் கிளம்பிட்டீங்களா? தட்டு எங்க?"ன்னா வடிவு.

அப்புறம் ஆவாரம்பூப் பொடி. அப்பி வச்சுக்கிட்டு அசந்து தூங்கிட்டான். முழிச்சுப் பார்த்தா ரெண்டு கையும் காரை பூசின சுவரு. விரலை மடக்கினா மொடக், மொடக்!

"ம்..."

அப்புறம் கத்தாழையை வெட்டிக்கிட்டு வந்தான். "இதுவும் ஏமாத்தினா நான் பிள்ளையைத் தொடவே போறதில்லை வடிவு."

வடிவு சிரிக்கலை. அவன் கையைப் புரட்டிப் பார்த்தா. "செடி ஏமாத்தலைங்க. காளவாயைக் கையிலயே வச்சுக்கிட்டு மேல மேல பூசுறீங்க. முதல்ல இதைக் கழுவ வேணாமா?"

புளிச்ச மோரை ஊத்தித் தேய்ச்சா. ரேகைக்குள்ள இருந்த சுண்ணாம்பெல்லாம் போச்சு. கத்தாழையை நிமித்தி வச்சு மஞ்சப் பாலை வடியவிட்டா. உள்ள இருக்கிற வழவழச் சோத்தை எடுத்து அலசி, தேங்காய் எண்ணெயில காய்ச்சித் தடவினா. தினம் சாயங்காலம் மோரு, அப்புறம் எண்ணெய். பிறை வளந்து முழு நிலா ஆச்சு.

அப்போ வடிவு பிள்ளையைத் தூக்கி அவன் கையில வச்சுட்டா. தளவாய் மூச்சே விடலை. பிள்ளை பார்த்துச்சு. உதட்டைப் பிதுக்கிச்சு. கொட்டாவி விட்டுச்சு. தூங்கிடுச்சு. தூக்கத்துலயே சர்ர்ர்... உள்ளங்கை நெறைய!

"கொடுங்க, துணி மாத்துறேன்."

"உஷ்! அப்புறமா மாத்தலாம். பிள்ளை முழிச்சுக்கும்."

அவன் வேட்டியெல்லாம் நனைஞ்சும் அசையலை.

ம்? ம் சத்தத்தையே காணோமே! சரிடா குட்டி, கதையும் கண்ணை மூடிடுச்சு. நீ தூங்கு.