உள்ளே வாருங்கள்

எந்தக் காலம் என்று கேட்காதீர்கள். ஆண்டு எண்ணத் தொடங்காத ஒரு முன்காலம். ஓர் அரசருக்கு அண்டை நாட்டரசரால் தீராத தலைவலி. அறுவடை முடிந்ததும் அவர் யானை, சேனையோடு விருந்துக்கு வருவார். களஞ்சியம் காலியான பிறகே கிளம்புவார். வராதே என்றால் போர் மூளும்.

"அழைக்கவும் வேண்டும், அவராகவே திரும்பவும் வேண்டும். வழி உண்டா?" என்றார் அரசர்.

விகடகவி மருதையனைக் கண்டாலே தளவாய் செண்டலங்காரனுக்கு ஆகாது. "அரசே, மருதையன் செய்வார். கோட்டையின் தெற்கு வாசலில் 'உள்ளே வாருங்கள்' என்று மட்டும் எழுதட்டும். கதவு திறந்திருக்கட்டும், காவல் வேண்டாம். விருந்தினர் நுழைந்துவிட்டால் இவர் தலை போகட்டும்," என்றான் தளவாய்.

அரசர் தலையசைத்தார். மருதையன் நேரே கல்தச்சர் குமரண்டியிடம் போனான்.

"ஆசாரியாரே, எழுத்துல வளைவே கூடாது. எல்லாம் மூலை. ஒவ்வொரு கோடும் முடியுற இடத்துல செங்கல்லாட்டம் தடிச்ச பாதம் வையும். ஆள் உயர எழுத்தா வெட்டும்."

"வரவேற்பைக் கொடி மாதிரி நெளிவாத்தானய்யா வெட்டணும்? நீர் கோடாலியில்ல கேக்குறீர்!"

வெட்டி முடித்ததும் குமரண்டி உளியைக்கூட எடுக்காமல் விலகி நின்றார். "என் கையால வெட்டினதுதான். ஆனா அது என்னையே பாக்குதய்யா."

சாயங்காலம் விருந்தினர் படை வந்தது. மருதையன் வெளியே ஒரு புளியமரத்தின் பின்னால் ஒளிந்திருந்தான். அகலத் திறந்த வாசல், ஆளரவம் இல்லை. மேலே கருங்கல்லில் அந்த எழுத்துகள், பாதம் பதித்து வரிசையாக நின்றன. படையின் பறை தானாக ஓய்ந்தது.

அண்டை அரசர் வாய்விட்டுப் படித்தார். "உள்ளே... வாருங்கள்." குரல் கம்மியது. "யார் கூப்பிடுகிறார்கள்? இதற்கு முன்னால் உள்ளே போனவர்கள் எங்கே?"

யானைகள் திரும்பின. அவை கண்ணுக்கு மறைந்த பிறகும் மருதையனுக்குக் கை மயிர் படியவில்லை.

செய்தி கேட்டு அரசர், விருந்தினர் கண்ணில் பட்டுவிடாதபடி, தளவாயோடு வடக்கு வாசல் வழியாக வெளியேறிச் சுற்றிக்கொண்டு வந்தார்.

"இது மாந்திரிகம், அரசே!" என்று கத்தினான் தளவாய்.

"தாங்கள் சொன்ன இரண்டு சொல்தான், தளவாய் அவர்களே," என்றான் மருதையன். "எழுத்துக்கும் முகம் உண்டு. இது அதட்டுகிற முகம். மரியாதையான அழைப்புதானே, தாங்கள் நுழைந்து காட்டுங்கள்."

தளவாய் வாசலடிவரை போனான். அண்ணாந்து பார்த்தான். வியர்த்துப்போய், "காலில் முள்" என்று முனகியபடி திரும்பினான்.

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். முத்துமாலையைக் கழற்றி மருதையன் கழுத்தில் போட்டார். "இந்த எழுத்தை என்ன செய்யலாம்?"

"ஆற்றுச் சுழலில் ஆள் மூழ்கும் துறையிலே, 'இறங்காதீர்' என்று வெட்டி வைக்கலாம், அரசே. அங்கே உயிர் காக்கும். விருந்துக்கும் திருமணத்துக்கும் வேண்டாம்."

"அப்படியே ஆகட்டும்" என்று அரசர் மறுபடி சிரித்தார். ஆளில்லாத வாசல் அந்தச் சிரிப்பைச் சற்றுத் தாமதித்துத் திருப்பிக் கொடுத்தது. அரசர் சிரிப்பை நிறுத்தினார்.

அரண்மனை அந்த வாசலுக்கு நேர் உள்ளே, கூப்பிடு தூரத்தில் இருந்தது.

"மருதையா," என்றார் மெல்ல, "வடக்கு வாசல் வழியாகவே போய்விடுவோம்."